காஃப் படிகங்களில் குறைகளைக் குறைக்க: எடை போடுவதிலிருந்து உலர்த்துவது வரை முழு வழிகாட்டி

ஜூன் மாதம் பாலக்காட்டில் மழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கத்து வேதியியல் ஆய்வுக்கூடங்களில் ஒரு புகார் கேட்கும்: "ஈரம் ஏறிடுச்சு, அதான் காஃப் சரியா வரல." அந்தப் பழியில் பெரும்பகுதி மழைக்குச் சேராது என்பது என் கணிப்பு. ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாளையாறு தாண்டி இந்தப் பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ வந்து, முதன்முதலாக காஃப் வளர்க்கப்போகிற தமிழ் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். செய்முறை புத்தகத்தில் கிடைக்கும். எந்த இடத்தில் கை கவனமாக இருக்க வேண்டும் என்பதுதான் கிடைக்காது.

காஃப் என்பது கோவலன்ட் ஆர்கானிக் ஃபிரேம்வொர்க் என்பதன் சுருக்கம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், போரான் போன்ற லேசான அணுக்கள் சகப்பிணைப்பால் இணைந்து, சீரான துளைகளோடு வளரும் படிகப் பாலிமர். 2005ல் ஓமர் யாகி குழு காஃப்-1, காஃப்-5 என்ற இரண்டைச் செய்து காட்டியது. 2025ல் அவருக்குக் கிடைத்த நோபல், கிடகவா, ராப்சன் இருவரோடு பகிர்ந்துகொண்டது, உலோகம் சேர்ந்த சகோதரப் பொருளான மாஃபுக்கானது. மாஃபைப் படிகமாக்குவது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் உலோகப் பிணைப்பு எளிதில் கழன்று எளிதில் சேரும். காஃப்பின் பிணைப்பு அவ்வளவு சுலபமாகக் கழலாது. நம் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

தறி நெய்தவர்களுக்கு இது புரியும். இழை தப்பியதை அந்த வரியிலேயே கண்டுவிட்டால் பிரித்துச் சரிசெய்யலாம், நாலு விரற்கடை நெய்த பிறகு கண்டால் துணி அப்படியே போக வேண்டியதுதான். காஃப் வளரும்போது தப்பான இடத்தில் விழுந்த பிணைப்பு பிரிந்து மறுபடி சேர அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, சேராத இழையைத் தொடக்கத்திலேயே உள்ளே விடாதிருப்பதும், நெய்து முடித்ததை உலர்த்தும்போது நசுக்காதிருப்பதும்.

முதலில், எதைக் குறை என்கிறோம்

நான்கு வகையைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மருந்து வேறுவேறு.

ஒன்று, வலையில் இணைப்புத் துண்டு இல்லாமல் போவது. அங்கே வினைபுரியாத அமீனோ ஆல்டிஹைடோ தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு, தகடு தகடாக வளரும் காஃப்பில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக அமைவதில் வரும் தடுமாற்றம். ஒவ்வொரு தகடும் நன்றாகவே இருக்கும், ஆனால் மேல் தகடு சற்று நகர்ந்தோ திரும்பியோ உட்கார்ந்திருக்கும். மூன்று, சின்னச்சின்னப் படிகத் துணுக்குகள் தாறுமாறாக ஒட்டி உண்டாகும் எல்லைகள், அவற்றுக்கு நடுவில் சிக்கிய குட்டிப் பாலிமர்ச் சங்கிலிகள். நான்கு, நன்றாக வளர்ந்த துளை உலர்த்தும்போது இடிந்துபோவது.

நான்காவதை நிறையப் பேர் வளர்ப்பில் வந்த குறை என்று நினைத்து, செய்முறையை மாற்றி மாற்றி மாதங்களைத் தொலைக்கிறார்கள். ஆகவே உலர்த்தும் பகுதிக்கு இந்த வழிகாட்டியில் இடம் அதிகம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காஃப்பை எடுத்துக்கொள்கிறேன்: 1,3,5-ட்ரிஸ்(4-அமினோபீனைல்)பென்சீன், அதாவது டிஏபிபி, டெரிப்தலால்டிஹைடு இரண்டும் சேர்ந்து உண்டாகும் இமீன் காஃப். அமீனும் ஆல்டிஹைடும் நீரை வெளியேற்றி இணையும் பிணைப்புதான் இமீன். முக்கோண அமீன் இரண்டுக்கு நேர்க்கோட்டு ஆல்டிஹைடு மூன்று. அறுகோணத் துளை, அகலம் 3.4 நானோமீட்டர் அளவில். முதல் முறை செய்பவர்களுக்கு டெரிப்தலால்டிஹைடுக்குப் பதில் 2,5-டைமெதாக்சி வகையை எடுக்கச் சொல்வேன். மெதாக்சி ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் தகடுகளுக்கு இடையிலான விலக்கலைத் தணிப்பதால் அடுக்கு கெட்டியாக உட்காரும், உலர்த்தும்போதும் தாக்குப்பிடிக்கும். கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். எடை மட்டும் மாறும்.

படி 1: மூலப்பொருளைச் சுத்தம் செய்யுங்கள்

பாட்டிலில் 98 சதவீதம் என்று ஒட்டியிருந்தால் மீதி 2 சதவீதம் என்ன என்று கேளுங்கள். டெரிப்தலால்டிஹைடு காற்றில் கிடந்தால் ஒரு முனை ஆக்சிஜனேற்றம் அடைந்து 4-ஃபார்மைல்பென்சாயிக் அமிலமாகும். அதற்கு ஒரு கைதான் உண்டு. வலையில் அது சேரும் இடத்தில் சங்கிலி முடிந்துவிடும். டிஏபிபியை உங்கள் கூடத்திலேயே நைட்ரோ சேர்மத்தைக் குறைத்துத் தயாரித்தால், குறைபடாத ஒரு நைட்ரோ தொகுதி மிச்சமிருப்பதும் இதே தொல்லையைத் தரும்.

ஆல்டிஹைடை வெற்றிடத்தில் பதங்கமாக்கிவிடுங்கள். உருகுநிலை 115 டிகிரி ஒட்டிக் கூர்மையாக இருக்க வேண்டும். டிஏபிபியை எத்தனாலில் மறுபடிகமாக்கி, வெளிறிய நிறம் வரும்வரை விடாதீர்கள். பழுப்பு என்றால் காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. பாராபீனிலின்டையமீன் எடுப்பவர்கள் இன்னும் அவசரப்பட வேண்டும். அது கண்ணெதிரே ஊதாவாகும். சுத்தம் செய்ததை இருட்டுப் பாட்டிலில், நைட்ரஜன் நிரப்பி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்க வேண்டாம். மழைக்காலத்தில் குளிர்ந்த பாட்டிலின் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.

டயாக்சேனையும் மறக்கக் கூடாது. திறந்து நாளான பாட்டிலில் பெராக்சைடு சேரும். அது வெடி ஆபத்து, அமீனையும் கெடுக்கும். பொட்டாசியம் அயோடைடு தாள் நிறம் மாறினால் அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்.

படி 2: எடை

என் கருத்தில் காஃப் குறைகளில் பெரிய பங்கு பேலன்ஸில்தான் பிறக்கிறது. கணக்கைப் பாருங்கள். டிஏபிபியின் மோலார் நிறை 351.4, டெரிப்தலால்டிஹைடு 134.1. முதலாவதில் 0.1 மில்லிமோல் எடுத்தால் 35.1 மி.கி., இரண்டாவதில் 0.15 மில்லிமோல், அதாவது 20.1 மி.கி. இந்த 20.1ல் அரை மில்லிகிராம் ஸ்பேச்சுலாவிலோ பட்டர் பேப்பரிலோ ஒட்டிக்கொண்டு போனால் 2.5 சதவீதம் போச்சு. ஒவ்வொரு அறுகோணத் துளைக்கும் ஆறு சுவர்கள். வலை முழுக்க அந்தப் பற்றாக்குறை பரவினால், ஏறக்குறைய ஏழு துளைகளில் ஒன்றுக்கு ஒரு சுவர் இருக்காது. அரை மில்லிகிராம் கண்ணுக்கே தெரியாத அளவு.

மிஞ்சிய அமீன் கரைசலிலேயே நின்று, கழுவும்போது போய்விட்டால் நல்லது. ஆனால் இமீன் வலை சில நிமிடங்களிலேயே வீழ்படிவாகிவிடும். மிஞ்சியது உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் ஊரின் காலநிலை உண்மையிலேயே விளையாடுகிறது, அதுவும் மழையில் அல்ல, காற்றுக்காலத்தில். டிசம்பருக்கு மேல் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது பொடியில் நிலைமின்சாரம் ஏறும். ஸ்பேச்சுலாவிலிருந்து தானே எகிறிப் பாட்டில் கழுத்தில் ஒட்டும், பேலன்ஸின் எண் நிற்காமல் ஓடும். மழைக்காலத்துத் தொகுப்பைவிட ஜனவரித் தொகுப்பு மோசமாக வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஏர் கண்டிஷனர் வேறு ஓடினால் இன்னும் மோசம்.

தீர்வு, மில்லிகிராம் கணக்கில் எடை போடுவதையே நிறுத்துவது. டிஏபிபி 175.7 மி.கி. எடுத்து 10 மி.லி. குடுவையில் டயாக்சேனால் நிரப்புங்கள். டெரிப்தலால்டிஹைடு 100.6 மி.கி. எடுத்து இன்னொரு 10 மி.லி. குடுவையில் அதே மாதிரி. இப்போது இரண்டிலும் சம அளவு எடுத்தால் தானாகவே 2:3 மோல் விகிதம் வந்துவிடும். அதே அரை மில்லிகிராம் தவறு இங்கே அரை சதவீதம்தான். அறை 24 டிகிரியோ 36 டிகிரியோ, இரண்டு கரைசலும் ஒரே மாதிரி விரிவதால் விகிதம் மாறாது. மைக்ரோபிப்பெட் வேண்டாம். டயாக்சேன் அதன் முனையிலிருந்து சொட்டும். கண்ணாடி சிரிஞ்ச் எடுங்கள். ஆல்டிஹைடுக் கரைசலைத் தேவைக்குத் தயாரியுங்கள், அமீனை அன்றன்றே.

படி 3: கரைப்பான், அமிலம், நீர்

ஒரு குழாய்க்கு: டிஏபிபிக் கரைசல் 1 மி.லி., ஆல்டிஹைடுக் கரைசல் 1 மி.லி., மெசிட்டிலீன் 0.5 மி.லி. இப்படி டயாக்சேனும் மெசிட்டிலீனும் 4:1 ஆகிறது. இதற்கு 6 மோலார் அசிட்டிக் அமிலம் 0.25 மி.லி. இந்த அமிலத்துக்குக் கிளேஷியல் அசிட்டிக் அமிலம் 34.5 மி.லி. எடுத்து நீரால் 100 மி.லி. ஆக்குங்கள்.

மழைக் கணக்கை இப்போது போடலாம். இந்தக் குழாயில் எல்லா இமீன் பிணைப்பும் உண்டானால் வெளிவரும் நீர் 0.15 மில்லிமோல், அதாவது 2.7 மி.கி. நாம் ஊற்றிய அமிலத்தில் உள்ள நீர் சுமார் 170 மி.கி. 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்று 10 மி.லி. குழாய்க்குள் அடைபட்டால் அதிலுள்ள நீர் 0.3 மி.கி. மட்டுமே. 170க்கு முன்னால் 0.3 எந்த மூலைக்கு? இந்த நீர் எதிரியும் அல்ல, வேண்டுமென்றே சேர்ப்பது. இமீன் பிணைப்பை நீர் பிரிக்கிறது, அமிலம் அதைத் துரிதப்படுத்துகிறது. தப்பான பிணைப்பு கழல அதுதான் வழி. நீரே இல்லாத கரைப்பானில், கடும் அமிலம் போட்டுச் செய்தால் பொடி வேகமாக வரும், ஆனால் எக்ஸ்ஆர்டியில் (படிக ஒழுங்கை எக்ஸ்ரேயால் அளக்கும் சோதனை) கூர்மையான உச்சிகளுக்குப் பதில் ஒரு மேடுதான் தெரியும்.

விலக்கு உண்டு. காஃப்-5 போன்ற போரோனேட் எஸ்டர் வகையை வளர்த்தால் ஈரம் நிஜமான எதிரி. வளர்ந்த பொடியைக்கூட ஈரக்காற்று மெல்ல அரித்துவிடும். மழைக்காலத்தில் அதைத் திறந்த வாட்ச் கிளாஸில் வைத்து எக்ஸ்ஆர்டி அறைக்கு நடந்து போகாதீர்கள். இன்னொன்று ஸ்கேண்டியம் ட்ரிஃபிளேட். 2017ல் அமெரிக்க வேதியியலர் டிக்டெலின் குழு அதை வினையூக்கியாகப் போட்டு, இதே டிஏபிபி காஃப்பை அறைச்சூட்டிலேயே நிமிடக் கணக்கில் படிகமாக்கிக் காட்டியது. ஈரத்தில் அது செயலிழக்காது, ஆனால் ஈரத்தைக் குடித்து எடை கூடும். ஜூலையில் நீங்கள் 5 மி.கி. என்று நினைத்துப் போடுவது 5 மி.கி. வினையூக்கியாக இருக்காது. டெசிகேட்டரின் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அமிலத்தைக் கடைசியில், குழாயை ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் மட்டும் கட்டி விழும். சில நிமிடங்களில் மஞ்சளாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். முதலில் விழுவது ஒழுங்கற்ற பாலிமர். அது உள்ளிருந்தபடியே மெல்ல மெல்லப் படிகமாக மாறுகிறது. சூடு கொடுக்கும் நாட்கள் அதற்குத்தான்.

படி 4: குழாயை அடைப்பது

காற்றை வெளியேற்றுவது அமீனைக் காக்க. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பு போட்டு, உருகவிட்டு, இதை மூன்று முறை செய்து, வெற்றிடத்தில் சுடர் காட்டிக் கழுத்தை உருக்கி மூடுவது வழக்கம். இரண்டு எச்சரிக்கை. பம்பு ஓடாத நேரத்தில் குழாயைத் திரவ நைட்ரஜனில் வைத்திருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே திரவமாகும். லேசான நீல நிறம் தெரிந்தால் எதையும் மூடாமல் விலகி நில்லுங்கள், சீனியரைக் கூப்பிடுங்கள். ஆர்கானும் அந்தக் குளிரில் திரவமாகிவிடும். அதை நிரப்பி மூடினால் உருகும்போது குழாய் வெடிக்கும். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரவம் வேண்டாம். முகக்கவசம் போடாமல் சுடர் அருகே போகாதீர்கள்.

திரவ நைட்ரஜன் கையில் இல்லாத நாளில் திருகுமூடிக் கண்ணாடிக் குழாயில், அமிலம் சேர்ப்பதற்கு முன் நைட்ரஜனைக் குமிழ்விட்டு வேலையை முடிக்கலாம். இமீனுக்குப் போதும்.

படி 5: சூடு

வெளிவந்த கட்டுரைகளில் 70 டிகிரியும் உண்டு, 120 டிகிரியும் மூன்று நாளும் உண்டு. 120ல் தொடங்குங்கள். ஓவனின் திரையில் தெரிவது ஓவனின் சூடு. குழாயின் உள்ளே என்ன என்று, வெறும் மெசிட்டிலீன் நிரப்பிய ஒரு குழாயில் தெர்மோமீட்டர் வைத்து ஒருமுறை பாருங்கள். துளையிட்ட அலுமினியக் கட்டை கிடைத்தால் ஓவனைவிட அது மேல்.

துலாம் (ஐப்பசி) மாதத்து இடிமழையில் மின்சாரம் போய் வரும். இரண்டு மணி நேரம் சூடு இறங்கிவிட்டதே என்று குழாயைத் தூக்கி எறிய வேண்டாம். இறங்கும்போது வினை மெதுவாகிறது, அவ்வளவுதான். நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். கவலைப்பட வேண்டியது மின்சாரம் திரும்பும்போது சில ஓவன்கள் குறித்த சூட்டைத் தாண்டி எகிறுவது. தனியாக ஒரு வெப்ப வெட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் குழாயை உடனே தண்ணீரில் விடாமல் ஓவனிலேயே ஆறவிடுங்கள்.

நாளைக் கூட்டினால் தரம் கூடிக்கொண்டே போகுமா என்று கேட்பார்கள். மூன்று நாள் வரை கூடும். அதற்கு மேல் ஆதாயம் குறைவு. தொடக்க விகிதம் தப்பாக இருந்தால் ஒரு வாரம் வைத்தாலும் தேறாது.

படி 6: வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழிகள்

மேலே சொன்னவை சரியாக இருந்தும் துணுக்குகள் சின்னதாகவே வந்தால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள்.

எளியது, ஒற்றைக் கை மூலக்கூறு ஒன்றைப் போட்டியாளராக விடுவது. இமீனுக்கு அனிலின். அது ஆல்டிஹைடின் முனையைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், உண்மையான அமீன் வந்ததும் இடம் விடும். வளர்ச்சி மெதுவாகும், புதுக் கருக்கள், அதாவது படிகம் தொடங்கும் புள்ளிகள், குறையும், இருக்கிறவை பெரிதாகும். 2018ல் வாங் வெய், சுன் ஜுன்லியாங், யாகி குழுக்கள் சேர்ந்து இந்த முறையில் காஃப்-300 உள்ளிட்ட முப்பரிமாண காஃப்களை ஒற்றைப் படிகமாகவே வளர்த்துக் காட்டின. பல வாரம் பிடித்தது. மிகப் பெரியவை 100 மைக்ரோமீட்டர் அளவை எட்டின. 2024ல் ட்ரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமும் ட்ரைஃபுளூரோஎத்திலமீனும் சேர்த்து இதை ஓரிரு நாளாகச் சுருக்கினார்கள். இவை முப்பரிமாண வகையில் நன்றாக வேலை செய்த முறைகள். இரு பரிமாணத் தகடுகளில் அதே அளவை எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் ஊர் சார்ந்த சிக்கல் ஒன்று. "அறைச்சூடு" என்று அந்தக் கட்டுரைகள் சொல்வது குளிர்நாட்டு அறை. மார்ச் மாதப் பாலக்காட்டில், இரவில் ஏ.சி. அணைத்துவிட்டுப் போகும் கூடத்தில், அது பகலில் ஒன்று, இரவில் ஒன்று. வாரக்கணக்கில் வளரும் படிகத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. ஒவ்வொரு சூடேற்றத்திலும் கொஞ்சம் கரையும், ஆறும்போது புதுக் கரு விழும். மைக்ரோபயாலஜிக்காரர்களிடம் ஒரு கூலிங் இன்குபேட்டரில் ஓரம் கேட்டு வாங்குங்கள். மூடிய குப்பியாக இருக்கட்டும். அனிலின் நச்சு, அவர்கள் பெட்டியில் ஆவி பரவக் கூடாது.

இரண்டாவது வழி, விதை போடுவது. 2018லேயே டிக்டெல் குழு காஃப்-5ன் நுண்துகள்களை நைட்ரைல் கலந்த கரைப்பானில் மிதக்கவிட்டு, மோனோமரை மிக மெதுவாகச் சொட்டவிட்டு வளர்த்தது. சேர்க்கும் வேகம் அதிகமானால் புதுக் கருக்கள் பிறக்கும், குறைவாக இருந்தால் இருக்கிற விதைதான் வளரும். சிரிஞ்ச் பம்பு இருந்தால் முயன்று பாருங்கள். மூன்றாவது, அமீனை பென்சோபீனோன் இமீனாக மூடி அனுப்புவது. அமீன் ஆக்சிஜனேற்றமும் குறையும், விடுபடும் வேகமும் மட்டுப்படும். கூடுதல் ஒரு தொகுப்பு வேலை என்பதால் அமீன் கெட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

டிபிபிஏ-1 வகைக்கு இந்த மருந்துகள் முழுதாகப் பலிக்காது. 2012ல் பூனாவின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜி குழு கொண்டுவந்த இந்த வகையில், இமீன் உண்டானதும் கீட்டோ-ஈனமீனாக மாறி மீளா நிலைக்குப் போய்விடுகிறது. அமிலத்தில் ஊறப்போட்டாலும் அசையாத உறுதி அதனால்தான் வருகிறது. தப்பைத் திருத்தும் நேரம் குறைவதும் அதனாலேயே. அதில் முதல் சில மணி நேரமே தீர்ப்பு.

படி 7: எடுப்பது, கழுவுவது, உலர்த்துவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. வளர்ந்த காஃப்பின் துளைக்குள் கரைப்பான் நிறைந்திருக்கிறது. அது ஆவியாகும்போது திரவத்தின் மேற்பரப்பு சுவரை உள்ளே இழுக்கிறது. தோராயக் கணக்கு: மேற்பரப்பு இழுவிசையின் இரு மடங்கைத் துளையின் ஆரத்தால் வகுங்கள். 3.4 நானோமீட்டர் துளையில் டயாக்சேன், மீட்டருக்கு 33 மில்லிநியூட்டன், என்றால் ஏறக்குறைய 39 மெகாபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப்போல சுமார் 380 மடங்கு. நீர் என்றால் 85 மெகாபாஸ்கல். ஹெக்சேன் என்றால் 21. இந்த அளவுத் துளையில் சூத்திரம் துல்லியமாகப் பொருந்தாது. ஆனால் எந்தக் கரைப்பானிலிருந்து உலர்த்துகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டப் போதும்.

குழாயைத் திறந்ததும் வடிகட்டி, காற்றை இழுத்துக்கொண்டே பொடியை ஃபில்டரில் உலரவிடுவதுதான் பெரும்பாலோர் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். பொடி கடைசி வரை திரவத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

மேல் திரவத்தை மெதுவாக இறுத்துவிட்டு, நீரில்லாத டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஊறவையுங்கள். சென்ட்ரிபியூஜ் போடலாம், ஆனால் வேகம் கூட்டி அமுக்காதீர்கள். சோனிகேட்டர் வேண்டவே வேண்டாம். அது அடுக்கைக் கலைக்கும், பிறகு நீங்கள் அளப்பது உங்கள் சோனிகேட்டரின் வேலையை. அரை நாளுக்கு ஒருமுறை கரைப்பானை மாற்றி, மேல் திரவத்தில் நிறம் வருவது நிற்கும் வரை தொடருங்கள். துளையில் சிக்கிய குட்டிச் சங்கிலிகள் இப்போதுதான் வெளியேறும். அமிலத்தின் மிச்சமும் போக வேண்டும், இல்லையேல் உலர்த்தும் சூட்டில் அது பிணைப்பைத் தாக்கும். சாக்ஸ்லெட் (கரைப்பானைச் சுழற்றிச் சுழற்றிக் கழுவும் கருவி) போட்டால் வேகமாகும். கெட்டியான அடுக்குள்ள மெதாக்சி வகைக்கு அது சரி, சாதா வகைக்கு ஊறப்போடுவதையே விரும்புகிறேன்.

பின் அசிட்டோனுக்கு மாற்றுங்கள், அதன் பின் ஹெக்சேனுக்கு. நேராக டயாக்சேனிலிருந்து ஹெக்சேனுக்குப் போனால் உள்ளே மாற்றம் முழுமையாகாது. பெர்ஃபுளூரோஹெக்சேனின் இழுவிசை 12 மில்லிநியூட்டன் அளவுதான், அது இன்னும் மேல், ஆனால் விலை கையைக் கடிக்கும். அசிட்டோனைட்ரைலில் கழுவி உலர்த்தியே இமீன் காஃப்களில் துளைகளின் உட்பரப்பை நன்றாக எடுத்தவர்களும் உண்டு. ஹெக்சேனில் இருக்கும் பொடியை முதலில் மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் விட்டு, பிறகு அறைச்சூட்டிலேயே வெற்றிடம் கொடுங்கள். கடைசியில்தான் 100 டிகிரிக்கு ஏற்றுங்கள். ஈரப்பொடியை நேராகச் சூடான வாக்குவம் ஓவனில் வைத்தால் செய்த வேலை அத்தனையும் அரை மணியில் போகும்.

மீஉய்யக் (சூப்பர்கிரிட்டிகல்) கார்பன் டைஆக்சைடு உலர்த்தி உள்ள இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் அதற்கே போங்கள். திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே மேற்பரப்பே இல்லாமல் உலர்வதால் இழுப்பும் இல்லை. அதன் உய்ய வெப்பநிலை 31 டிகிரி, அழுத்தம் சுமார் 74 பார். நம் ஊர் ஏப்ரலில் அறையே 31ஐத் தாண்டி நிற்கும். ஆகவே கரைப்பானைத் திரவக் கார்பன் டைஆக்சைடால் மாற்றும் கட்டத்தில் உலர்த்தியின் அறைப்பெட்டியை 10 டிகிரிப் பக்கம் குளிர்வித்திருப்பது கட்டாயம்.

படி 8: குறை எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பது

ஈரமாக ஒன்று, உலர்ந்தபின் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ஆர்டி எடுங்கள். ஹெக்சேனுக்குப் போகும் முன் ஈரப் பசையாகவே ஒரு துளி எடுத்து, பாலிஇமைடு படலத்தால் மூடி அளக்கலாம். அந்தப் படலம் தானே 5, 6 டிகிரிப் பக்கம் ஒரு மேடு காட்டும், வெறும் படலத்தைத் தனியாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் உச்சி கூர்மையாக இருந்து, உலர்ந்ததும் மங்கினால் குறை வளர்ப்பில் இல்லை. படி 7க்குப் போங்கள். ஈரத்திலேயே மங்கல் என்றால் படி 1, 2.

இந்த காஃப்பின் முதல் உச்சி இரண்டு தீட்டா 2.8 டிகிரியில் வரும். அவ்வளவு தாழ்ந்த கோணத்தில் எக்ஸ்ரே கற்றை மாதிரியைத் தாண்டி வழியும், நேர்க்கற்றையின் பின்னணியும் ஏறும். கருவி இயக்குகிற சேட்டனிடம் குறுகிய பிளவும் சிலிக்கான் பின்னணித் தட்டும் கேளுங்கள், 1.5 டிகிரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 5லிருந்து ஓட்டிவிட்டு உச்சியே இல்லை என்று அழுதவர்கள் உண்டு. பாதி உயரத்தில் உச்சியின் முழு அகலம் 0.3 டிகிரி என்றால் ஷெரர் சமன்பாட்டில் படிகத் துணுக்கு சுமார் 26 நானோமீட்டர். கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் இந்த எண்ணை எழுதாதீர்கள். முதல் உச்சி நன்றாக இருந்தும், 25, 26 டிகிரிப் பக்கத்து அடுக்கு உச்சி பரந்து கிடந்தால் தகடு நன்று, அடுக்குதான் தடுமாற்றம்.

அகச்சிவப்பில் 1620ஐ ஒட்டி இமீன் தெரிய வேண்டும். 1690 முதல் 1700 வரை தோள் நின்றால் ஆல்டிஹைடு மிச்சம். 3300 பக்கத்தில் இரட்டை முனை என்றால் அமீன் மிச்சம். எது மிச்சம் என்பது உங்கள் எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லிவிடும். இரண்டுமே மிச்சம் என்றால் விகிதம் சரி, வினைதான் முடியவில்லை. அதே பொடியைப் புதுக் கரைப்பானும் அமிலமும் விட்டு மறுபடி மூன்று நாள் சூட்டில் வையுங்கள், பல நேரம் தேறும்.

துளைகளின் உட்பரப்பை அறிய நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டை 77 கெல்வினில் செய்வார்கள். ஒரு குழாயில் முழு விளைச்சலே 25 மி.கி.தான். அளவீட்டுக்கு 50 மி.கி. இருந்தால் நம்பலாம், ஆகவே ஒரே கரைசலிலிருந்து இரண்டு மூன்று குழாய் சேர்த்துப் போடுங்கள். எக்ஸ்ஆர்டி பிரமாதம், பரப்பு மட்டும் குறைவு என்றால் துளையில் ஏதோ அடைத்திருக்கிறது, இன்னும் கழுவ வேண்டும். பரப்பைக் கணக்கிடும் பிஇடி கோட்டைப் பொருத்தும் அழுத்த எல்லையை, அதற்கென உள்ள ருக்கெரோல் நிபந்தனைகளின்படி தேர்ந்தெடுங்கள். மென்பொருள் தரும் இயல்பு எல்லை இந்த அளவுத் துளைகளுக்கு ஏமாற்றும்.

அளவீட்டுக்குக் கோயம்புத்தூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ பொடியை அனுப்புகிறவர்கள் உலர்ந்த பொடியை அனுப்பாமல், ஹெக்சேனில் மூழ்கியபடி கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் மூடி போட்டு, கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. ஹெக்சேன் தீப்பற்றும், கூரியரில் போடக் கூடாது. உலர்த்தும் வரிசையை ஒரு தாளில் எழுதிக் குப்பியோடு கட்டுங்கள். அங்குள்ளவர் வழக்கம்போல 150 டிகிரியில் நேரடியாக வாயு நீக்கம் தொடங்கிவிடுவார். முதல் இரண்டு மணி நேரம் அறைச்சூட்டில் வெற்றிடம், பிறகு 60, பிறகு 100 என்று எழுதுங்கள். மாதிரிக் குழாயை எடை போட்டபின் எக்ஸ்ஆர்டிக்காகக் கொஞ்சம் பொடியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அளவீட்டுக்குப் பிறகான அந்த எக்ஸ்ஆர்டி இல்லாமல் பிஇடி எண்ணை உங்கள் வழிகாட்டியிடம் கொண்டுபோகாதீர்கள்.